பதினோராவது ஆள்

எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உள்ளவன் அயல்வீட்டுக்காரனாக வாய்ப்பது ஒரு குடும்பத்துக்கு வரக்கூடிய பெரிய சோதனை. நான் அப்படிப்பட்ட அயல்வீட்டுக்காரன். என் எண்ணிக்கையால், வீடிழந்து வந்த ஒரு குடும்பம் ஒதுங்கியிருந்த இடத்தையும் இழந்தது. எங்கள் வீட்டில் இதை இப்போது சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

நான் கணித ஆசிரியனாக இருந்தவன். வருடா வருடம் பரீட்சை மண்டபங்களுக்கு மேற்பார்வையாளனாகவும் போவேன். நாற்பது தலை என்றால் நாற்பது விடைத்தாள் வரவேண்டும். முப்பத்தொன்பது வந்தால் எனக்கு மூச்சு முட்டும். ஓய்வு பெற்றதும் தலைகளும் போயின, தாள்களும் போயின. கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இருக்கவில்லை. பாண் வாங்கினால் ரொட்டித் துண்டுகளை எண்ணினேன். (மனைவி ஒரு துண்டை ஒளித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.)

நாங்கள் யாழ்ப்பாணத்தார், கண்டியில் வேலை பார்த்து இங்கேயே தங்கிவிட்டோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்டவாக ஒரு தொடர்மாடியில் இரண்டாம் மாடி எங்களுடையது. எங்கள் தலைக்கு மேலே செல்வராஜ் வாடகைக்கு இருந்தார். பிஸ்கட் கம்பனி ஒன்றின் வான் ஓட்டுபவர். மனைவி மாலதி, இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர்கள். அதாவது, அந்த மழைக்காலம் வரை சத்தமில்லாத மனிதர்கள்.

மழை விட்ட கையோடு மேலே இடி தொடங்கியது. யாரோ கட்டிலிலிருந்து குதித்தார்கள். யாரோ கதிரையை இழுத்தார்கள். யாரோ தேங்காய் துருவும்போது வேறு யாரோ அழுதார்கள். எங்கள் அறை மின்விசிறி, போடாமலே ஆடியது. ஒருநாள் படிக்கட்டில் செல்வராஜை மறித்தேன்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குங்களா சார்? மன்னிச்சுக்கங்க. புள்ளைங்ககிட்ட சொல்றேன்" என்றார்.

"எத்தினை பிள்ளையள் தம்பி?"

"ரெண்டுதானுங்க சார்" என்று சொல்லிவிட்டு, இரண்டு இரண்டு படியாக ஏறிப் போய்விட்டார்.

இரண்டு பிள்ளைகளுக்கு இத்தனை கால்களா? என் மனம் குளிர்ந்தது. (பொய்யைக் கண்டுபிடிப்பதில் ஒரு மேற்பார்வையாளனுக்கு வரும் மகிழ்ச்சியை மற்றவர்களுக்கு விளக்க முடியாது.) அன்று பின்னேரம் மெதுவாக மேலே ஏறி, அவர்களுடைய கதவுக்கு வெளியே கழற்றி வைத்திருந்த செருப்புகளை எண்ணினேன். ஒன்பதரைச் சோடி.

ஒன்பது விளங்கியது. அரை விளங்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து பார்த்தேன்; பெரிய ஆண் செருப்பு ஒன்று, இடதுகால் மட்டும், துணையில்லாமல் கிடந்தது. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று முடிவு செய்து, கணக்கைப் பத்து என்று முழுமையாக்கினேன்.

எங்கள் தொடர்மாடியில் கீழ்வாசலில் விதிகள் ஒட்டியிருக்கும். அவற்றை முழுவதும் வாசித்தவன் நான் ஒருவன்தான். இரண்டு அறை வீட்டில் ஆறு பேருக்கு மேல் வசிக்கக் கூடாது. விருந்தாளிகள் வரலாம், ஆனால் இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளுக்கு, மேல் தங்கினால் அவர்களும் வசிப்பவர்களே.

"இஞ்சேருங்கோ, உந்தப் படியேறிப் போய் என்ன ஏதெண்டு கேட்டா உங்கட வாய் தேஞ்சு போயிடுமே?" என்றாள் மனைவி.

"கேட்டாப் பொய் சொல்லுவினம். செருப்புப் பொய் சொல்லாது."

"பிறகென்ன, செருப்போடயே கதைச்சுக்கொண்டிருங்கோ."

நான் முகாமைக் குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தேன். செயலாளர் ரணவீர ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். இந்த வெற்றிச் செய்தியை மனைவியிடம் சொன்னபோது அவள் "ஓம்" என்றாள். அந்த "ஓம்"இன் எடையை நான் நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஞாயிறு விடிய அவள் பெரிய நீத்துப்பெட்டியை அடுப்பில் ஏற்றிப் புட்டு அவித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு புட்டு என்று, பாண் துண்டை எண்ணுகிறவன் எண்ணிப் பார்க்கவில்லை. வாசலில் ரணவீரவை வரவேற்க ஒன்பதரைக்கே கீழே இறங்கிவிட்டேன்.

ரணவீர ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். வவுனியாவில் வேலை பார்த்த காலத்தில் பழகிய தமிழ் அவரிடம் இருந்தது. அவரை மேலே கூட்டிப் போனேன். செல்வராஜின் கதவுக்கு வெளியே நாலே நாலு சோடிச் செருப்பு. உள்ளே நாலே நாலு பேர். அறைகள் பெருக்கித் துடைத்து, பாய்கூட இல்லாமல் பளபளத்தன.

"சார், நாலு பேர்தானே?" என்றார் ரணவீர.

"நேற்று ஒன்பதரை இருந்தது!"

"ஒன்பதரை ஆளா?"

"செருப்பு!"

மாலதி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். செல்வராஜ் சுவரைப் பார்த்தார். ரணவீர என்னை இரக்கத்தோடு பார்த்து, "வாங்க சார், கீழே போய் ஒரு பிளேன்டீ குடிப்போம்" என்றார்.

இறங்கி வந்தோம். என் வீட்டுக் கதவுக்கு வெளியே, மனைவியின் சோடியோடு சேர்த்து, ஆறரைச் சோடிச் செருப்பு.

கதவு திறந்துதான் இருந்தது. என் கூடத்தில் நாலு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து புட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாத ஒரு பெண் அவர்களுக்குச் சம்பல் வைத்தாள். என் சாய்மனைக் கதிரையில், நான் தவிர யாரும் உட்காராத கதிரையில், முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்ட வலதுகாலை நீட்டியபடி ஒருவர் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து, முடியாமல், கையைக் கூப்பினார்.

அரைச் சோடிக்கு விடை அங்கே நீட்டிக் கிடந்தது.

"செல்வராஜின்ர அண்ணன் முத்தையா" என்றாள் மனைவி, எனக்கு மட்டும் கேட்கும்படி. "தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில மழைக்கு லயத்து வீடு சரிஞ்சு சுவர் காலில விழுந்தது. திரும்பிப் போகக் கூடாதெண்டு அதிகாரியள் சொல்லிப்போட்டினம். இதுகளுக்குப் போக இடமில்லை. மொட்டை மாடியில உடுப்புக் காயப்போடேக்க மாலதி எனக்கு எப்பவோ சொல்லிட்டாள். நீங்கள்தான் ஒருக்காலும் கேக்கேல்லை."

ரணவீர கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வங்கியில் இருந்தவர், அவருக்கும் எண்ணத் தெரியும். எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் சிரித்தார்.

"சார் வீட்டில சொந்தக்காரங்க வந்திருக்கு. எட்டுப் பேர். பரவாயில்ல. இன்னைக்கு வந்த விருந்தாளிதானே, விருந்தாளி கணக்கில் வராது. நான் அப்படியே எழுதுறேன். ரெண்டு கிழமை இங்க, பிறகு ரெண்டு கிழமை மேல. யார் பார்க்கிறது?"

எவ்வளவு அழகான கணக்கு! விதியையும் முறிக்காமல், வீட்டையும் முறிக்காமல் அந்த மனிதர் ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவது. முத்தையா என் வாயைப் பார்த்தார். சம்பல் கரண்டி அந்தரத்தில் நின்றது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நாற்பது வருடத் தாம்பத்தியமும் இருந்தது.

ஆனால் என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: "சார் வீட்டில எட்டுப் பேர்." ஆறுக்கு மேல் எட்டு! என் பெயரில்! தவறான விடைக்குக் கீழே என் கையெழுத்தா?

"இவை இண்டைக்கு வந்த ஆக்கள் இல்லை!" என்று கத்தினேன். "அஞ்சு கிழமையா மேல இருக்கினம்! இவையைச் சேர்த்துத்தான் பத்து! என்ர கணக்குச் சரி!"

என் கணக்குச் சரிதான். அதை யாரும் மறுக்கவில்லை. ரணவீர பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "சார் சொன்ன பிறகு நான் என்ன செய்யிறது" என்றார். பிளேன்டீ குடிக்கவில்லை. முத்தையாவின் மனைவி பிள்ளைகளின் கைகளைக் கழுவிவிட்டாள். புட்டு மிச்சமாகவே இருந்தது. முத்தையாவை எழுப்ப நான் கை கொடுத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

குழு, மேல்வீட்டுச் சொந்தக்காரருக்கு அறிவித்தது. அவர் செல்வராஜையே காலி பண்ணச் சொல்லிவிட்டார். மாத முடிவில் பத்துப் பேரும் கம்பளைக்குப் போனார்கள். படியில் சாமான் இறக்கும்போது செல்வராஜ் என்னைக் கண்டு, "வர்றோம் சார்" என்றார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி ஆறியிருப்பேன்.

அடுத்து மேலே வந்தவர்கள் ஒரு புதுத் தம்பதி. இரண்டே பேர். கூடவே ஆளுயர ஒலிபெருக்கி இரண்டு. பின்னேரங்களில் ஒலிவாங்கி பிடித்துப் பாடுகிறார்கள்; அவன் நிறுத்தும் இடத்தில் அவள் தொடங்குகிறாள். நான் காதைப் பொத்தினால் மனைவி சொல்வாள்: "ஏறிப் போய்ச் செருப்பை எண்ணுங்கோவன். ரெண்டு சோடிதான். சட்டப்படி சரி."

மன்னிப்புக் கேட்கக் கம்பளைக்கு என்னை அனுப்பியதும் அவள்தான். தான் வரமாட்டாளாம். "எண்ணினது நீங்கள். போறதும் நீங்கள்தான்." பயறும் பனங்கட்டியும் பையில் கட்டித் தந்தாள். பஸ்ஸில் போகும்போது பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

கம்பளையில் ஒரு இரும்புக்கடைக்குப் பின்னால் இரண்டு சின்ன அறைகள். என்னைக் கண்டதும் மாலதி, "வாங்க சார், உள்ள வாங்க" என்று இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டாள். மனப்பாடம் செய்த வசனங்களில் முதலாவதை நான் தேடிக்கொண்டிருந்தபோது, முத்தையாவின் ஆறு வயது மகள் அறையைச் சுற்றி விரலால் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். கடைசியில் என்னிடம் வந்து நின்றாள்.

"சித்தி, இந்த சாரையும் சேத்தா பதினோரு பேரு ஆயிருச்சே. நம்மள மறுபடியும் போகச் சொல்லுவாங்களா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்கடா. சார் சாப்பிட்டுட்டுப் போயிருவாரு" என்றாள் மாலதி.

நான் மனப்பாடம் செய்தது முழுவதும் மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த பிழை. அவள் வெள்ளவத்தையில் இருக்கும் மகளுக்குச் சொன்னாள். மகள் உலகத்துக்குச் சொன்னாள். இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "பதினொண்டு வந்திட்டார், இன்னொரு கதிரை போடுங்கோ!" என்று யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். பேரன் கைபேசியிலும் என் பெயர் "பதினொண்டு"தானாம். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒன்றை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. அன்று கம்பளையில் பத்துப் பேரும் காத்திருக்க, பதினோராவது ஆளுக்குத்தான் முதலில் சோறு போட்டார்கள்.