கரும்பு வெட்டியதும் கடற்கரை

ஓய்வுபெற்ற மறுநாளே தீனதயாளன் மாபெரும் முடிவு ஒன்றுக்கு வந்தார். ரிஷிவந்தியத்தைத் துறப்பது, தரங்கம்பாடியில் நிரந்தரமாகக் குடியேறுவது. முப்பத்திரண்டு வருஷம் நூலகராக இருந்தவர். படித்த பயண நூல்களிலெல்லாம் அலை இருந்தது, தென்னை இருந்தது, சாய்வு நாற்காலியில் ஒரு மனிதர் இருந்தார். அந்த மனிதர் ஏன் தாமாக இருக்கக்கூடாது?

முடிவெடுக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதை மனைவி அமிர்தத்திடம் சொல்ல ஒன்பது நாள்.

"அமிர்தம், கடல் காத்துல அயோடின் இருக்குது."

"இருந்துட்டுப் போவட்டும். இப்ப இன்னா அதுக்கு?"

"தரங்கம்பாடிக்கே போயி இருந்துடலாம்னு..."

அமிர்தம் முறத்தைக் கீழே வைத்தாள். தீனதயாளன் அரை அடி பின்வாங்கினார்.

"போலாங்க."

"நெசமாவா?"

"நான் மட்டும் இன்னா, கடலைப் பாக்க மாட்டேன்னு சத்தியமா பண்ணிக்கினு வந்தேன்? ஆனா கரும்பு வெட்டட்டும். பயிரைப் பாதியில வுட்டுட்டுப் போனா யாரு பாத்துப்பாங்க?"

ஊரை ஒட்டிய இரண்டு ஏக்கர் கரும்பு அமிர்தத்தின் ராஜ்யம். தீனதயாளன் அங்கே வெளிநாட்டவர். கரும்பை அவர் அருகில் பார்ப்பது பொங்கலன்று மட்டும். இருந்தாலும் கணக்குப் போட்டார். கரும்பு சீக்கிரம் தேறினால் கடல் சீக்கிரம் வரும். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினார்.

பக்கத்து வயல் கொளஞ்சியம்மாள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா லைப்ரரி சாரு, சோகை உரிக்கிறீங்களா, பொஸ்தகத்துக்கு அட்டை போடறீங்களா?"

தீனதயாளன் அடுத்த கரும்புக்கு நகர்ந்தார். சோகை என்கிற அந்தக் காய்ந்த இலை கையெல்லாம் கீறியது. பொறுத்துக்கொண்டார். தண்ணீர் கட்டினார், மண் அணைத்தார், உரம் வைத்தார். மத்தியானங்களில் கட்டிலில் குப்புறப் படுத்து நீச்சல் பழகினார். இரண்டு முறை கரை தாண்டி விழுந்தார்.

தை மாதம் வந்தது. கரும்பு அவர் முழங்கையைவிடத் தடிமனாக நின்றது. (அது ஒன்றும் பெரிய தடிமன் இல்லை என்றாள் கொளஞ்சியம்மாள்.) வெட்டினார்கள். லாரி புறப்பட்டது. தீனதயாளன் புத்தகங்களைப் பதினோரு பெட்டிகளில் அடுக்கினார்.

இரண்டு வாரம் கழித்து, வயலிடம் முறைப்படி விடைபெற்று வரலாம் என்று போனார். வயல் பச்சையாக இருந்தது.

"அமிர்தம்! வெட்டின கரும்பு மறுபடி மொளைக்குது!"

"மறுதாம்புங்க. மொளைக்காம?"

மறுதாம்பு. அந்தச் சொல்லை அவர் அகராதியில் சந்தித்திருக்கிறார். நேரில் இதுவே முதல் அறிமுகம்.

"அப்ப இதையும் வெட்டணுமா?"

"பத்து, பதினொரு மாசத்துல வெட்டலாம். அப்புறம் அடுத்த தாம்பு. நீங்க வளத்த வளப்புக்கு நாலு தாம்பு தாங்கும்னு ஊரே பேசிக்கினு இருக்குது."

தீனதயாளன் வரப்பில் உட்கார்ந்தார்.

"அப்ப தரங்கம்பாடி?"

"சொன்ன சொல்லு மாற மாட்டேங்க. கரும்பு வெட்டினதும் போறதுன்னு பேச்சு. வெட்டியாச்சு. நாளைக்குக் கெளம்பறேன். தொணைக்குக் கொளஞ்சி வரா. கடலுக்கு எதிர்லயே வாடகைக்கு வூடு பாத்து வச்சிருக்குது."

"கெளம்பறேன் இல்ல அமிர்தம், கெளம்பறோம்."

"பயிரைப் பாதியில வுட்டுட்டு ரெண்டு பேரும் போவ முடியுமா? இத்தினி வருசமா பாத்துக்க ஆள் இல்லாமத்தான் நான் எங்கியும் போவாம கெடந்தேன். இப்பதான் சாமி மாதிரி நீங்க கெடைச்சிருக்கீங்க."

படித்த நாலாயிரம் புத்தகங்களில் தேடினார். ஒன்றிலும் மறுப்பு கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு அந்த 'சாமி' அவருக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

நாலாம் நாள் காலையில், நிஜமாகவே செழித்துக்கொண்டிருந்த தாம்புகளுக்கு நடுவே அவர் நின்றபோது போன் வந்தது. அமிர்தத்தின் குரலுக்குப் பின்னால் அலை இரைந்தது.

"ஏங்க, நீங்க சொன்னது நெசந்தாங்க. இன்னா காத்து! எந்நேரமும் உங்க நெனப்புதான். நீங்களும் வந்து பாக்கணும்."

தீனதயாளனுக்கு நெஞ்சு நிறைந்தது. மண்வெட்டி தானாகக் கீழே விழுந்தது.

"இதோ வரேன் அமிர்தம்! பெட்டியெல்லாம் கட்டி ரெடியா இருக்குது."

"பெட்டி எதுக்குங்க? தண்ணி கட்டிட்டு வெள்ளிக்கெழம வாங்க. விருந்தாளிங்க ரெண்டு நாள் தங்கலாம்னு வூட்டுக்கார அம்மா சொல்லிட்டாங்க."