மூன்று நட்சத்திரம் தெரியும் வரை

ரஸ்கைத் தேநீரில் முக்கி வாயில் வைத்த பிறகுதான் ரோனா அந்த நாட்காட்டியைப் பார்த்தாள். ஜூலை இருபத்து மூன்று. கட்டத்துக்குள் பொடி எழுத்தில், தம்மூஸ் நோன்பு.

இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை.

விழா அலுவலகத்தின் சமையலறைச் சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. அதை மறைக்க, ரொட்டிக்கடைக்காரர் கொடுத்த நாட்காட்டியை என்றைக்கோ யாரோ மாட்டியிருந்தார்கள். அதை யாரும் படித்ததில்லை. கேப் டவுன் யூதத் திரைப்பட விழா ஒன்றில் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ரோனாதான் பொறுப்பு. இன்று நான்கு மணிக்கு 'திரையும் தட்டும்'. கரூ வறண்ட பூமியில் ஒரு யூதக் குடும்பம் நடத்திய ஹோட்டலைப் பற்றிய படம். திரையில் என்ன பரிமாறுகிறார்களோ, அதே பண்டம் அதே நேரத்தில் பார்ப்பவர் மடியில் இருக்கும் தட்டுக்கு வரும். எண்பது டிக்கெட்டும் போய்விட்டன.

விடிந்ததிலிருந்து வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை பச்சைத் தண்ணீர் கூடாத நாளில், எண்பது யூதர்களுக்கு விருந்து.

எழுபத்தொன்பது பேரைச் சமாளித்துவிடலாம். எண்பதாவது ஆள் அவளுடைய அப்பா.

அப்பா ஹிர்ஷ் அவள் கையால் சாப்பிட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. யூத விதிப்படி பாலுக்கு ஒரு பாத்திரம், கறிக்கு ஒரு பாத்திரம் என்று பிரிப்பதை அவள் நிறுத்தினாள், அன்றோடு சரி. சண்டையெல்லாம் இல்லை. ஞாயிறு தவறாமல் வருவார். கூடவே அவருடைய ஃபிளாஸ்க்கும் வரும். அவள் மேஜையில் உட்கார்ந்து, தன் டீயைத் தானே ஊற்றிக் குடித்துவிட்டுப் போவார். இன்றைய சமையல் முறைப்படி நடக்கிறது, மேற்பார்வைச் சான்றிதழ் சமையலறைக் கதவிலேயே ஒட்டியிருக்கிறது என்று அவள் டிக்கெட் அனுப்பினாள். வருகிறேன் என்றார். முதல் கிண்ணம் சூப்பைத் தன் கையால் அவரிடம் கொடுக்க வேண்டும். இந்த விழாவில் அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கைப்பேசியில் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று எடுப்பதற்குள் தலைவர் பாசில் உள்ளே வந்தார். அவள் நாட்காட்டியைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியாதா? நேத்தே நினைச்சேன். நீயாச் சொல்றியான்னு பார்த்துட்டிருந்தேன்."

அதற்கு மேல் எதைச் சரிபார்ப்பது? சாப்பாடு இருட்டிய பிறகுதான் என்று எண்பது பேருக்கும் செய்தி போயிற்று. பதில்கள் மளமளவென்று வந்தன. நாங்களும் நோன்புதான், எங்கே மறந்துவிடுவீர்களோ என்று பயந்தோம், சொன்னதற்கு நன்றி. கடற்கரையில் ஞாயிறு காலை இறால் தின்கிறவர்கள்கூட அப்படித்தான் எழுதியிருந்தார்கள். நம் சனத்துக்கு இவ்வளவு பக்தியா என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

கடைசியாக அப்பாவைக் கூப்பிட்டாள். மறுமுனையில் வாய் எதையோ அசைபோடும் சத்தம். காலை ஜெபமாக இருக்கும். நோன்பை மறந்து நிகழ்ச்சி வைத்துவிட்டேன், இருட்டிய பிறகுதான் சாப்பாடு, மன்னித்துவிடுங்கள் என்றாள். சத்தம் நின்றது.

"நீ நோன்பு இருக்கியா?" என்றார்.

கையில் பாதி ரஸ்க். "ஆமாப்பா."

"சரி. வர்றேன்."

ரஸ்க் குப்பைக்குப் போயிற்று. அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது, இனி அது உண்மையாக வேண்டும். அதன் பிறகு அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இரண்டு மணிக்கே அப்பா வந்துவிட்டார். நேராகச் சமையலறைக்குள் போனார். அங்கே பொறுப்பு ஃபுமேசா அம்மாவுடையது. முப்பது வருஷமாக யூதக் கல்யாணங்களுக்குச் சமைக்கும் கோசா இனத்து அம்மாள். எந்தக் கரண்டி எந்தப் பாத்திரத்துக்கு என்பது பாதிக் குருமார்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் அப்பா விரலை ஆட்டி ஏதோ சொல்கிறார், ஃபுமேசா தலையாட்டுகிறார். என்ன குற்றம் கண்டுபிடித்தாரோ என்று ரோனா கதவருகிலேயே நின்றாள். அப்பா வெளியே வந்ததும் அவள் உள்ளே ஓடினாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் கண்ணு," என்று ஆரம்பித்த ஃபுமேசா, அவள் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, போ. சூப் சுடச்சுட இருக்கும்."

படம் ஐந்து பத்துக்கு முடிந்தது. இருட்ட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதற்காகத்தான் இயக்குநரைப் பேச வைத்திருந்தாள். நாற்பது நிமிஷம் பேசுங்கள் என்று கெஞ்சியிருந்தாள். அவர் ஏழு நிமிஷத்தில், சொல்ல வேண்டியதெல்லாம் படத்திலேயே இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் படத்தை மறுபடி ஓட்டினாள். முதல் தடவை கறியை வெட்டும் காட்சியில் சிரித்தவர்கள், இரண்டாம் தடவை மூச்சுவிடாமல் பார்த்தார்கள். தேன் பாகு திரையில் கொதித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு முனகல். போதாக்குறைக்குச் சூப் சூடேறி, அதன் வாசனை கதவிடுக்கு வழியாக அரங்குக்குள் வந்தது. கதவை அடைக்க ஓடியவள், திரைச்சீலைக்குப் பின்னால் பாசில் பில்டாங் என்கிற உப்புக்கறி வற்றலை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"மருந்து," என்றார் பாசில்.

ஆறரைக்கு எண்பது பேரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஜூலை மாத மேகம், கறுப்புக் கம்பளி மாதிரி. தூறல் வேறு. யாரோ ஒரு நட்சத்திரம் என்றார்கள். அது துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பலின் விளக்கு என்றார் இன்னொருவர். மேகத்துக்கு மேலே இருந்தால் கணக்கில் சேருமா என்று ஒரு தர்க்கம் தொடங்கியது. விட்டால் விடியும்வரை போகும். ரோனாவுக்குத் தலை சுற்றியது. அப்பா இப்படியே வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் போய்விடுவார், அடுத்த ஞாயிறு ஃபிளாஸ்க் வரும் என்று தோன்றியது.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி மேலே பார்த்தார். ஒரு கணம்தான்.

"மூணும் தெரியுது," என்றார்.

கழுவிய கீரையின் இடுக்கிலும் பூச்சி தேடுகிற மனிதர் அவர். ஹிர்ஷ் சொன்ன பிறகு அப்பீல் ஏது? கூட்டம் உள்ளே பாய்ந்தது.

ரோனா முதல் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். சூப்பில் மாவுருண்டைகள் மிதந்து ஆடின. அப்பா வாங்கிக்கொண்டு, வாய்க்குள் ஆசி சொல்லி, மெதுவாகச் சாப்பிட்டார். காலியான கிண்ணத்தைத் திருப்பி நீட்டினார்.

"உப்பு கம்மி. இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவர் போன பிறகு ரோனா சமையலறையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கிண்ணத்தோடு அழுதாள். இவ்வளவு பேர் என்னால் பட்டினி கிடந்தார்களே, நல்லவேளை நாட்காட்டியைப் பார்த்தேன் என்று சொல்லிச் சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

ஃபுமேசா கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது போன வருஷ நாட்காட்டி கண்ணு, இந்த வருஷ நோன்பு முடிஞ்சு பத்து நாளாச்சு, மத்தியானமே உன்கிட்டச் சொல்ல இருந்தேன், உங்கப்பாதான் 'காலையில பாதி முட்டையைத் தட்டுலயே வச்சிட்டு வந்திருக்கேன், பதினொரு வருஷம் கழிச்சு என் பொண்ணு நோன்பு இருக்கா, சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்காதே'ன்னுட்டாரு."