இளநீர் விற்காத குடை

ஈப்போ,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சாந்தினிக்கு அப்பா உடையப்பன் ஆசி சொல்லி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நான் சுகம், ஆபரேஷன் செய்த கண்ணும் சுகம். சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் எஸ்டேட் தோட்டத்து இடுகாட்டில் உட்கார்ந்திருப்பதாக யாரோ உனக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, நம் கீழ்வீட்டு விமலாதான். அதைப் பார்த்துவிட்டு, வெயில் பட்டால் ஆபரேஷன் செய்த கண் போய்விடும், இனித் தனியாக இருக்க வேண்டாம், அடுத்த மாதம் வந்து கையோடு கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டாய். தீர்ப்புக்கு முன்னால் என் பக்கத்தையும் கேள்.

நீ சொன்ன எதையும் நான் மீறவில்லை. வெயில் களிம்பு பூசச் சொன்னாய், பூசினேன், பூசிய கையோடு வழக்கம்போல் திருநீறும் இட்டேன், இரண்டும் சேர்ந்து நெற்றியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, அது தெரியாமல் ஷரபுதீன் கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போனேன், அவன் கல்லாவில் இருந்தபடியே, "என்னண்ணே மூஞ்சிக்கு சுண்ணாம்பு அடிச்சிட்டீங்க, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கு லா" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அடுத்து கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னாய், அதையும் போட்டேன். வெயில் தெரியவில்லை, உண்மைதான். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரும் தெரியவில்லை. மார்க்கெட்டுக்கு என்று ஏறினால் அது கோப்பெங் பஸ், கொஞ்ச நேரத்தில் நம் பழைய தோட்டத்துச் சந்தி வந்துவிட்டது. அவ்வளவு தூரம் போய்விட்டு உன் அம்மாவைப் பார்க்காமல் திரும்பினால் நன்றாகவா இருக்கும்? அதற்குப் பிறகும் அதே தவறு பல நாள் நடந்துவிட்டது. கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும், என் வீட்டை அல்ல.

போய்ப் பார்த்தால் அங்கே பொட்டு நிழல் இல்லை. கருமாதிக்கு நீ வந்தபோது இடுகாட்டைச் சுற்றிலும் எண்ணெய்க்கு வைத்த கிழட்டுச் செம்பனை மரங்கள், பகலிலேயே இருட்டிக் கிடந்ததே, அத்தனையையும் மறுநடவுக்குச் சாய்த்துவிட்டார்கள். புதுக் கன்றுகள் முழங்கால் உயரம்தான். அம்மாவின் மேல் போட்ட மண் வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. அவளுக்கு வெயில் ஆகாது என்று உனக்குத் தெரியாதா? ரப்பர் இருந்தவரை நிழலில் நின்று பாலுக்கு மரம் வெட்டினாள். செம்பனை வந்ததும் மருந்தடிக்கும் வேலை, மொட்டை வெயில், குளிர்ச்சிக்கு பெடாக் செஜுக் அரிசி மாவைக் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு, அதற்கு மேல் கண் மட்டும் தெரிகிற மாதிரி துண்டைச் சுற்றிக்கொண்டு போவாள். "வேல முடிஞ்சி ஒரு நாளாச்சும் நெழல்ல உக்காரணுங்க" என்பாள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாள், அந்த வருஷமே போய்விட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, சாந்தினி.

அதனால் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை போடுகிறவர் ஒருவரிடம் கேட்டு, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய குடையை வாங்கிக்கொண்டு போய் அவள் தலைமாட்டில் நட்டேன். வினை அங்கேதான் பிடித்தது. இடுகாடு ரோட்டோரம். நம் ஊரில் ரோட்டோரம் பெரிய குடை நின்றால் அடியில் இளநீர் இருந்தாக வேண்டும். கார் வந்து நிற்கிறது, கண்ணாடியை இறக்கி நாலு இளநீர் என்கிறார்கள், இல்லை என்றால் செண்டோல் போதும் என்கிறார்கள், அதுவும் இல்லை என்றால் விற்க ஒன்றும் இல்லாமல் எதற்குக் குடை என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள். உன் விமலாவும் தாகத்துக்குத்தான் இறங்கினாள், என்னைப் பார்த்ததும் தாகம் மறந்து போனை எடுத்துவிட்டாள். ஒரு நாள் லாரிக்காரத் தம்பி ஒருவர் நிறுத்தி, அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். என் சம்சாரம் இருக்கிறாள் என்றேன். அவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு, "அம்மா மொகத்துல வெயில் விழுது ஐயா, கொஞ்சம் சாச்சுப் புடிங்க" என்று அவரே குடைக் கம்பைச் சாய்த்துக் காட்டினார். தன் தண்ணீர்ப் போத்தலையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆக, அப்பா வெயிலில் இல்லை. படத்தை மறுபடி பார், குடை இருக்கிறதா இல்லையா? கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. சிங்கப்பூர்ப் பேச்சை இத்தோடு விட்டுவிடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், பிள்ளைகளுக்கு என் முத்தம். எல்லாரும் தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
சொன்ன பேச்சு கேட்கும் அப்பா,
உடையப்பன்.

பி.கு.: படத்தை நீ பெரிதாக்கிப் பார்த்துவிடுவாய், நானே சொல்லிவிடுகிறேன். சாய்த்து நட்டால் கம்பு நிற்பதில்லை, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அவள் முகத்துக்கு நிழல் விழுகிற மாதிரி பிடித்தால் நான் வெளியே வெயிலில்தான் உட்கார வேண்டும். கண் சிவந்து எரிகிறது. நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதியது ஷரபுதீன் மகள் அஃப்ரீன். நீ வா அம்மா, டாக்டரிடம் போகலாம், சிங்கப்பூருக்கும் வருகிறேன். நான் வந்துவிட்டால் அவளுக்குக் குடை பிடிப்பது யார் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு வா.