அண்ணைக்குப் பாட்டு வைத்தியம்

மனநோய் வைத்தியம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தமிழ்க்கடையில் வாடகைக்கு எடுத்த படங்களில் படித்ததுதான். (படிப்புக் குறைவென்று ஒருவரும் சொல்ல ஏலாது. ஒரு படத்தையும் விட்டுவைத்ததில்லை.) தலையில் அடிபட்டால் நினைவு போகும். குடும்பப் பாட்டைப் பாடினால் திரும்பி வரும். இடையில் கம்பிக் கதவு, கரண்ட் ஷொக், தலையைப் பிய்த்துக்கொண்டு சிரிக்கும் நாலு பேர். அவ்வளவுதான் மருத்துவம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஜெர்மனியின் ஹம் நகரத்தில், என் அண்ணை கட்டிலை விட்டு எழும்பாமல் போனார். வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. கூப்பிட்டால் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். என்னை ஜெர்மனிக்குக் கூப்பிட்டுக் கலியாணமும் செய்துவைத்த மனிதர். அவர் இப்படியே போய்விடுவாரோ என்று பயந்துபோனேன். கிளினிக்கில் சேர்த்தபோது டாக்டர் "டிப்ரெஷன்" என்றார். படங்களில் அந்தச் சொல் வராதபடியால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

"அண்ணைக்கு ஞாபகம் போயிட்டுதப்பா," என்று கணவரிடம் அடித்துச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார் அவர். (பைத்தியமா என்று கேட்கிற நேரமா இது, பாருங்கள்!)

ஞாயிற்றுக்கிழமை கணவரையும் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். சின்ன வயதில் அண்ணையும் நானும் சேர்ந்து பாடிய பாட்டை நான் பாட, கணவர் மேசையில் தாளம் தட்ட வேண்டும். வீட்டில் ஒத்திகையும் பார்த்தாயிற்று.

கம்பிக் கதவைக் காணோம். உள்ளே கேக் வாசம். சிலர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூடத் தலையைப் பிய்க்கவில்லை. யன்னலோரம் இருந்த அண்ணை என்னைக் கண்டதும், "வா பிள்ளை, இரு," என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒத்திகை பார்த்தாயிற்றே!

கண்ணை மூடிக்கொண்டு உச்சத்தில் எடுத்துவிட்டேன். கணவர் போட்ட தாளத்தில் கோப்பைகள் குதித்தன. பாதியில் அழுகை முந்திக்கொண்டு வர, பாட்டும் ஒப்பாரியும் ஒன்றாகிவிட்டன. சீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். ஓடிவந்த தாதி என் தோளைத் தொட்டு, டாக்டரைப் பார்க்க விருப்பமா என்று மிகவும் அன்பாகக் கேட்டாள்.

அண்ணை எழும்பி ஜெர்மனில் விளக்கம் கொடுத்தார். தமிழில் சொன்னால் இப்படி: "இவ என்ர தங்கச்சி. சுகமாத்தான் இருக்கிறா. படம் கொஞ்சம் கூடப் பாக்கிறவ."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் மறந்துபோனன் எண்டு உனக்கு ஆர் சொன்னது? ஒண்டையும் மறக்க ஏலாமத்தானடி இஞ்ச வந்து இருக்கிறன்."

ஊரில் சண்டை நேரம் அவர் கண்ணால் கண்டதையெல்லாம் பற்றி ஒருநாளும் நான் கேட்டதில்லை. இதற்கு எந்தப் படத்திலும் பாட்டு இல்லை.

"என்ன செய்ய அண்ணை?" என்றேன்.

"பாட்டு வேண்டாம். சும்மா பக்கத்தில இரு."

இருந்தேன். கணவர் மூன்று பேருக்கும் கேக் வாங்கிவந்தார்.

அண்ணை வீடு திரும்ப மாதங்கள் எடுத்தன. படங்களில்போல இடி இடிக்கவில்லை, மின்னவில்லை. குளிசையும் டாக்டரோடு கதைப்பதும் மெல்ல மெல்ல வேலை செய்தன. இன்றைக்கும் எங்கள் வீட்டில் கணவர் கதவுத் திறப்பை எங்கே வைத்தாரென்று மறந்துபோனால் மகள் மேசையில் தாளம் போடுவாள்: "அம்மா, பாடுங்கோ! அப்பாவுக்கு ஞாபகம் வரட்டும்!" எல்லோரையும் விடக் கூடச் சிரிப்பவர் அண்ணைதான்.

ஆனாலும் சில நாட்களில் தொலைபேசியில் அவர் குரல் தணிந்து வரும். "பிள்ளை, பாட்டு வேண்டாம்," என்பார்.

"வாறன் அண்ணை," என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடுவேன்.