பொன்னுக்கு வீங்கியும் நாலு நாள் லீவும்

நாலு நாள் சேர்ந்தாற்போல் தூங்குவது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை நாலு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் வாய்க்கவில்லை. ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் அவர் வாயில் சோற்றை வைக்கிற நேரம் பார்த்துத்தான் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் போனில் திட்டுவார்கள். "இதோ வந்துட்டேன் சார்" என்பார். தூக்கத்திலும் இதையே சொல்கிறார் என்று மனைவி புகார் சொல்வாள்.

ஒருவழியாக லீவு கிடைத்தது. கிடைத்த அன்றைக்கே மனைவி ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். ஒன்பது மணி நேரப் பயணம். அவளுடைய அக்கா வீட்டுக்கு.

அக்கா நல்லவர். அக்கா புருஷன், அதாவது நம்மாளுக்குச் சகலை, அவரும் தங்கமான மனுஷர்தான். ஆனால் ஒரு பழக்கம். வருஷம் முழுக்க வீட்டில் எது ரிப்பேரானாலும் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார். மெக்கானிக் சகலை இருக்கும்போது வெளியாள் எதற்கு என்பது அவர் கட்சி. போன தடவை ஒரு மிக்ஸி, இரண்டு ஃபேன், தண்ணீர் மோட்டார், சுவர்க் கடிகாரம்.

"இதெல்லாம் லிஃப்ட் இல்லையே சகலை" என்று இவர் சொல்லிப் பார்த்தார்.

"எல்லாமே கரண்ட்ல ஓடுறதுதானே சகலை" என்றார் அவர். கடிகாரம் கரண்டில் ஓடுவதில்லை என்று சொல்ல இவருக்குத் தெம்பில்லை. லீவு முடிந்து ரயிலேறியபோது முதுகு நிமிரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், ஏழு வயது மகள் கண்ணாடி முன் நின்று, "அப்பா, எனக்கு ஒரு கன்னம் மட்டும் பெரிசாயிடுச்சு" என்றாள்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். "பொன்னுக்கு வீங்கி. ஒட்டிக்கிற வியாதி. வீக்கம் வந்ததுலேர்ந்து அஞ்சு நாள் யாரோடயும் சேர விடாதீங்க. பஸ், ரயில் எல்லாம் கூடவே கூடாது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பெற்ற பிள்ளைக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது, அப்பனுக்கு உள்ளே சந்தோஷம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடத் தூக்கம் அதிகமாக இருந்தது. முகத்தை முடிந்தவரை தொங்கவிட்டுக்கொண்டு, "அடடா, பயணம் போச்சே" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். வீட்டில் இருந்தால் கஞ்சி ஊட்டணும், துணி துவைக்கணும், கதை சொல்லணும், தூங்குவது எப்போது? மெதுவாகக் கேட்டார்.

"பெரியவங்களுக்கும் வருமா டாக்டர்?"

"சின்ன வயசுல வராதவங்களுக்கு வரலாம். வந்தா ரொம்பப் படுத்தும். உங்களுக்கு வந்திருக்கா?"

மெக்கானிக்குக்கு எட்டு வயசிலேயே வந்திருக்கிறது. ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கமும். ஆனாலும் வீட்டின் பின்னறை கண் முன்னால் வந்து நின்றது. ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஆள் நடமாட்டம் கிடையாது. எலி வளையானாலும் தனி வளை.

"வரலை டாக்டர்" என்றார் பரிதாபமாக.

மனைவி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மகளுக்காக அங்கேயே போன் செய்து அவளும் நாலு நாள் லீவு சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"என்னங்க, பாப்பா பக்கமே வராதீங்க."

"மனசு கேக்கலைம்மா. வேற என்ன வழி? நான் பின் ரூம்லயே கிடக்கறேன். சாப்பாட்டை மட்டும் வெளியில வச்சுடு."

"அது சரிப்படாது."

"ஏன்?"

"ஒரே பாத்ரூம். அவ தொட்ட டம்ளரைத்தான் நீங்களும் எடுப்பீங்க. இந்த வீட்டுல இருந்தா உங்களுக்கு ஒட்டாம இருக்குமா?"

"அப்போ?"

"டிக்கெட்தான் இருக்கே. நீங்க மட்டும் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

மெக்கானிக் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எனக்குள்ள ஏற்கெனவே பூந்திருந்தா? ரயில்ல எத்தனை பேர் வருவாங்க!"

"உங்களால யாருக்கும் ஒண்ணும் வராது."

"எப்படிச் சொல்றே?"

"நான் சொல்றேன்ல?"

"பிள்ளை உடம்பு முடியாம கிடக்கும்போது அப்பன் ஊர் சுத்தினா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"பிள்ளையைப் பாத்துக்க நான் இருக்கேன். எனக்கெல்லாம் சின்ன வயசுலயே வந்து போயாச்சு. அக்காகிட்டயும் பேசிட்டேன். அத்தான் பரண்லேர்ந்து சாமானை இறக்க ஆரம்பிச்சுட்டாராம்."

இறக்கிய கையோடு சகலையே போனில் வந்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "சகலை! இந்தத் தடவை குழந்தை குட்டி தொந்தரவு இல்ல. நாலு நாளும் முழுசா நமக்குத்தான். வாஷிங் மெஷினையே பிரிச்சுடலாம்!"

மறுநாள் காலை. பை தயாராக நின்றது. மகளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அறைப்பக்கம் போனார். "கிட்ட வராதீங்கப்பா, ஒட்டிக்கும்!" என்று போர்வைக்குள்ளிருந்து ஓர் அதட்டல் வந்தது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. வாசலில் மனைவியை நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"இந்தா, நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு எட்டு வயசுலயே வந்துடுச்சு. ரெண்டு கன்னமும். நான் இங்கயே இருக்கேன். கஞ்சி வைக்கிறேன், துணி துவைக்கிறேன். என்னை அங்க மட்டும் அனுப்பாதே."

"தெரியும். கல்யாணமான புதுசுலயே அத்தை போட்டோ காட்டினாங்க. மூஞ்சியா அது? பூசணிக்கா!"

"தெரிஞ்சுமா டாக்டர்கிட்ட வாயைத் திறக்கலை?"

அவள் பையை எடுத்து அவர் தோளில் மாட்டினாள். சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அப்போதுதான் அவர் பார்த்தார். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. நாள் முழுக்கக் கடையில் நின்று நின்று கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. எத்தனை நாளாக இப்படி என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் கதவைப் பாதி சாத்தியிருந்தாள்.

"பாப்பா மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்குவா. நீங்க வீட்டுல இல்லேன்னா நானும் தூங்குவேன்."