மீதி பதினோரு ரூபாய்

ஒரு காட்டில், துரத்துவதும் ஓடி ஒளிவதும் வழக்கொழிந்து எல்லா விலங்குகளும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த காலத்தில், செண்பகவல்லி என்றொரு கீரி வாழ்ந்துவந்தாள். அவள் மகள் பவளக்கொடி, குட்டிகள் கபடி அணியில் சேர்ந்திருந்தாள். அணியில் மொத்தம் பன்னிரண்டு குட்டிகள். சனிக்கிழமை பக்கத்துக் காட்டில் முதல் போட்டி.

"பணம் வசூலிக்கிற பொறுப்பை யார் எடுத்துக்கிடுதீய?" என்று பயிற்சியாளர் கேட்டபோது, பெற்றோர் எல்லோரும் ஒரே நேரத்தில் தத்தம் வாலைப் பார்த்தார்கள். செண்பகவல்லி மட்டும் பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்துத் தொலைத்தாள். பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

அவள் கணக்கில் புலி. (புலி கணக்கில் சுமார்தான், அது வேறு விஷயம்.) வேன், வாழைப்பழம், குளுக்கோஸ், நுழைவுக் கட்டணம் என்று கூட்டிப் பார்த்தாள். மூவாயிரத்து அறுநூறு வந்தது. தலைக்கு முன்னூறு என்று குரூப்பில் போட்டாள்.

பிள்ளைகள் முதன்முதலாக ஆடப் போகிறார்கள். அதற்குப் போய் மொட்டையாக முன்னூறு அனுப்புவார்களா? மற்ற பதினோரு பேரும் முன்னூற்றொன்று அனுப்பினார்கள். செண்பகவல்லி தன் பங்காக முன்னூறு வைத்தாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். அதைத்தான் செய்திருக்கக் கூடாது. வரவு 3611, திட்டச் செலவு 3600, மீதி 11 என்று எழுதி குரூப்பில் அனுப்பினாள்.

அதுவரை குட்மார்னிங் தவிர வேறெதுவும் சொல்லாத நரி நல்லபெருமாள் உடனே வந்தார்.

"மதினி, தப்பா நினைக்காதீய. அந்தப் பதினோரு ரூவா இப்ப எங்க இருக்கு?"

"என் கையிலதான் இருக்கு அண்ணாச்சி."

"பொதுப்பணம் உங்க கையில இருக்கு. சரி. ஒரு தகவலுக்குக் கேட்டேன்."

"ஆளுக்கு ஒரு ரூவா திருப்பி அனுப்பிருதேன்."

"மங்கலமா வச்ச ஒத்த ரூவாயைத் திருப்பிக் குடுப்பாகளா? பிள்ளைக வெளங்குமா?" என்றது சாரைப்பாம்பு சந்தனமுத்து.

"அப்ப பதினோரு மிட்டாய் வாங்கிக் குடுத்துருதேன்."

"பிள்ளைக பன்னெண்டு பேராச்சே!" என்றது எருமை ஏகாம்பரம்.

"பன்னெண்டாவது மிட்டாய்க்கு நான் காசு போடுதேன்."

"சொந்தப் பணத்தைப் பொதுப்பணத்தோட கலக்கலாமா?" என்றார் நரி. "அதுசரி, எல்லாரும் முன்னூத்தி ஒண்ணு. நீங்க மட்டும் ஏன் மொட்டையா முன்னூறு?"

செண்பகவல்லிக்கு அழுகை முட்டியது. நாற்பது தடவை கூட்டிச் சரிபார்த்தவளைத் திருடி என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். நரி, பாம்பு, எருமை மூவரையும் கொண்ட விசாரணைக் கமிட்டி அன்றே அமைந்தது. விசாரணை முடியும்வரை பணம் கமிட்டியின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். வேன்காரக் காட்டுப்பன்றி முன்பணம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கல்யாணச் சவாரி ஒன்று வந்ததும் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பன்னிரண்டு குட்டிகளும் ஜெர்சி போட்டுக்கொண்டு சாலையோரம் பத்து மணிவரை நின்றன. நீங்கள் வராததால் எதிரணி வென்றது என்று பயிற்சியாளருக்குத் தகவல் வந்தது.

"நாம தோத்துட்டோமாம்மா?" என்றாள் பவளக்கொடி.

"ஆடவே இல்லையேடி."

"ஆடாம எப்படித் தோத்தோம்?"

செண்பகவல்லி மகளின் ஜெர்சியில் படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

கமிட்டி ஆறு முறை கூடியது. கூடும்போதெல்லாம் உளுந்த வடையும் டீயும் வரவழைத்தார்கள். கமிட்டியில் எருமை இருந்ததை மறந்துவிட வேண்டாம். கடைசியில் அறிக்கை வந்தது: "கணக்கு சரியாக உள்ளது. ஆனால் இவ்வளவு சரியாகக் கணக்கு எழுதத் தெரிந்தவர், நினைத்தால் தவறாகவும் எழுதக்கூடும்." வசூலான பணம் வடையாகித் தீர்ந்திருந்தது. பதினோரு ரூபாய் மட்டும் விசாரணையில் இருந்ததால் யாரும் தொடவில்லை.

இவ்வளவு உழைத்த கமிட்டிக்குப் பொன்னாடை போர்த்த வேண்டாமா? தலைக்கு நானூறு என்று முடிவாயிற்று. வசூலிக்கும் பொறுப்பு மறுபடியும் செண்பகவல்லிக்கே வந்தது. அவளும் மறுக்கவில்லை.

இந்த முறையும் நானூற்றொன்றாகப் பணம் வந்தது. சந்தையில் நூற்றைம்பது ரூபாய்ச் சால்வை மூன்று எடுத்தாள். விழா முடிந்ததும் குரூப்பில் கணக்குப் போடவில்லை. நரி சால்வையோடு சிரிக்கிற போட்டோவைப் போட்டு, "விழா இனிதே நடந்தேறியது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி" என்று எழுதினாள். பதினோரு பேரும் கைகூப்பினார்கள்.

"மதினி இப்பத்தான் பொறுப்பா நடந்துக்கிடுதாக" என்று பாராட்டினார் நரி.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு காட்டில் போட்டி. காலை ஆறு மணிக்கே வேன் வந்து நின்றது. உள்ளே வாழைப்பழம், குளுக்கோஸ், ஆளுக்கு ஒரு மிட்டாய் எல்லாம் இருந்தன. யார் வீட்டுப் பணம் என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கக் குரூப்பில் கணக்கு ஏதாவது இருந்தால்தானே! பவளக்கொடி முதல் முறை பாடிப்போனபோதே பிடிபட்டு வெளியே வந்தாள். செண்பகவல்லி எழுந்து நின்று விசிலடித்தாள்.

நீதி: கணக்கு காட்டினால் கமிட்டி வரும், காட்டாவிட்டால் வேன் வரும்.