விட்டில்கள் முதுகு காட்டும் காரணம்

மதிப்பிற்குரிய மைத்துனர் ஒமுர்சாக் அவர்களுக்கு, மலைமேய்ச்சலிலிருந்து உன் அக்காள் கணவன் துலோபெர்தி சலாம் சொல்லி எழுதுவது. உன் குதிரைகள் நலமா, ஆடுகள் நலமா, பிறகு நீயும் உன் வீட்டாரும் நலமா? இங்கே கால்நடைகள் நலம். உன் அக்காள் பூருலும் நலம். இதை என் கையாலேயே எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் கடிதம் கொண்டுவருகிறவனைக் கேள். நான் எழுதி முடிப்பேன் என்று காத்திருந்து காத்திருந்து, புளித்த குதிரைப்பால் குமிஸைக் குடித்துவிட்டுக் குதிரைமேலேயே தூங்குகிறான்.

நீ கொடுத்த பெட்ரோமாக்ஸ் விளக்கை வந்து எடுத்துப் போகும்படி பூருல் ஆள் அனுப்பினாள் அல்லவா, வராதே. விளக்கு போனால் எழுத்து வகுப்பும் போய்விடும். பகலெல்லாம் ஆட்டின் பின்னால் அலைகிற நாங்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் ஜிபார் டீச்சர் முன்னால் உட்கார முடியும். ஏழு தலைமுறை அப்பன்மார் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் வாயால் சொல்லிவிடுவேன். அவர்களைக் கையால் எழுதிவிட்டுச் சாக வேண்டும் என்பது என் ஆசை. என் பெயர் வந்திருந்தது, அப்பா பெயர் பாதி வந்திருந்தது, அந்தச் சமயம் பார்த்து விட்டில்களால் வம்பு வந்தது.

எங்கள் கூடாரத்தில் முதல் நாள் விளக்கை ஏற்றியதும் மலையிலிருந்த விட்டில் அத்தனையும் உள்ளே வந்துவிட்டது. செத்தவர்கள்தான் விட்டிலாக வருகிறார்கள், எண்ணெயில் மாவு பொரிகிற வாசனைதான் அவர்களுக்குச் சாப்பாடு என்று உன் அக்காளுக்கு உன் அம்மா சொல்லிக் கொடுத்ததுதானே, உடனே சட்டி ஏறியது. "பாட்டன் பூட்டன் எல்லாம் வாசல்ல நிக்குறாங்க, நீங்க கரியைப் பிடிச்சுக் கோடு கிழிச்சுக்கிட்டு இருக்கீங்க!" என்று எனக்கு ஏச்சு. தினமும் பொரித்தாள். மாவு மூட்டை இளைத்தது, வகுப்பு பெருத்தது. பக்கத்துக் கூடாரத்து ஜூமாஷ் ஒரு எழுத்துகூடக் கற்கவில்லை, ஒரு நாள்கூட வராமலும் இருக்கவில்லை. அப்புறம் விட்டில்கள் கண்ணாடியில் மோதிக் கருகி விழ ஆரம்பித்தன. பூருல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "ஒருதரம் செத்தது போதாதா? நீங்க படிக்கிறதுக்கு எங்க ஆத்தா இன்னொருதரம் எரியணுமா?" என்று அழுதுகொண்டே விளக்கை அணைக்கப் போனாள்.

டீச்சர் குறுக்கே வந்தாள். "பெரியம்மா, அது ஆவி இல்ல. வெளிச்சத்து மேல ஆசை, அதான் ஓடி வருது."

"ஆசையா வர்றவ முகத்தைக் காட்டுவாளா, முதுகைக் காட்டுவாளா? நல்லாப் பாரு பொண்ணே."

பார்த்தோம். ஒமுர்சாக், இத்தனை வயதுக்கு நான் அதைப் பார்த்ததில்லை. சுற்றிய ஒவ்வொன்றும் விளக்குக்கு முதுகைக் கொடுத்தபடி சாய்ந்து சாய்ந்துதான் சுற்றியது. விளக்கை இறக்கித் தரையில் வைத்தேன். அதற்கு மேலே பறந்து வந்தவை அப்படியே மல்லாந்து விழுந்தன.

"என்ன அண்ணே, அதுங்களும் குமிஸ் குடிச்சிருக்கா?" என்றான் ஜூமாஷ்.

டீச்சர் சிரிக்கவில்லை. விளக்கை அணைக்கச் சொன்னாள். இருட்டில், கூடார உச்சியில் புகை போகிற கூரை வளையத்தின் திறப்பு மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கம்பளத்தில் கிடந்த ஒரு விட்டில் எழுந்தது, நேராக மேலே போனது, வளையத்தின் வழியே வெளியேறி மறைந்தது.

"எனக்கும் நிச்சயமாத் தெரியல," என்றாள் டீச்சர் மெதுவாக. "ராத்திரியில எந்தப் பக்கம் வெளுப்பா இருக்கோ அதான் வானம்னு முதுகைக் குடுக்குதுங்க போல. அதை வச்சுத்தான் மேல கீழ தெரியும் போல. நடுவுல நம்ம விளக்கு வந்து நின்னுருச்சு."

ஆசைப்பட்டு வந்தவை அல்ல அவை! தம் வழியில் போனவை. கையளவு விளக்கை வானம் என்று நம்பி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் மாட்டிக்கொண்டவை.

"அப்ப வானத்தைப் பெருசாக் கட்டுங்க. இந்தாங்க, எல்லா ஆம்பளையும் திரும்பி உக்காருங்க!" என்றாள் பூருல். கல்யாணமான பெண் தலைத்துணியை அவிழ்ப்பதைப் பார்க்கலாமா? நாங்கள் அத்தனை பேரும் விட்டில்களைப் போல முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். சாகும்போது கோடியாகட்டும் என்று அவள் தலையில் சுற்றி வைத்திருந்த அந்த நீள வெள்ளைத் துணியை, விளக்கை உயரே மாட்டி அதற்கு வெகு கீழே, கூடாரத்துக்குக் குறுக்கே விரித்துக் கட்டினோம். வெளிச்சம் பால்போலப் பரவியது. உள்ளே வந்த விட்டில்கள் ஒரு சுற்றும் சுற்றாமல் நேராகப் பறந்து, வாசல் வழியே போய்விட்டன. அந்த வெள்ளை வானத்தின் கீழே உட்கார்ந்து ஏழு அப்பன்மாரையும் எழுதி முடித்தேன். ஆகவே விளக்கு இங்கேயே இருக்கட்டும்.

உன் கூரை வளையம் உயர்ந்தே நிற்கட்டும், உன் அடுப்பு என்றும் அவியாதிருக்கட்டும், உன் குட்டிகளை ஓநாய் மறந்துபோகட்டும்.

இப்படிக்கு,
துலோபெர்தி (என் கையெழுத்து)

பி.கு.: நேற்றுக் கடிதத்தைப் பூருலுக்கு வாசித்துக் காட்டினேன். "துணிக்கும் விளக்குக்கும் நடுவுல மாட்டிக் கருகினதுங்களைப் பத்தி எழுதலையே?" என்றாள். நான் எழுதாமல் விட்டதையும் அவள் படித்துவிட்டாள். ஆகவே விளக்கை வந்து எடுத்துப் போ. ஆடுகள் படுத்து அசைபோடும் உச்சிவெயிலில் நாங்களும் தூங்குவோம் என்பதை டீச்சரிடம் யாரும் சொல்லவில்லை, நேற்றுப் பூருல் சொல்லிவிட்டாள். இனி அப்போதுதான் வகுப்பு. மேலே எழுதியவற்றை அடித்துவிடலாம், ஆனால் டீச்சர் இன்னும் எழுதத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறாள். ராத்திரி விளக்கில்லாமல் படுத்திருந்தோம். கூரை வளையம் நிறைய விண்மீன்கள். ஒரு விட்டில் குறுக்கே போனது. எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.